சுதேசிப் பனி

ஒரு மனிதன் தன் ஆயுளில் பொய்யன் என்ற பெயரைப் பல இடங்களில் சம்பாதிக்கலாம். வியாபாரத்தில் சம்பாதிக்கலாம், கோர்ட்டில் சம்பாதிக்கலாம், எலெக்‌ஷனுக்கு நின்றால் சம்பாதிக்காமல் இருக்கவே முடியாது. ஆனால் ஏழு வயதுப் பேத்தியின் வாயால் அந்தப் பட்டத்தைப் பெறுவதைப் போன்ற அவமானம் வேறொன்றும் இல்லை. சென்ற மார்கழியில் நமக்கு அது நேர்ந்தது. இத்தனைக்கும் நாம் சொன்னது சத்தியம். அதைத் தமிழில் சொன்னதுதான் வினையாக முடிந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். தீர்ப்பை நேயர்களே கூறட்டும்.

நமது பெண்ணும் மாப்பிள்ளையும் கனடா தேசத்தில் டொராண்டோ நகரத்தில் வசிக்கிறார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை, ஏழு வயதில் ஒரு பெண். டிசம்பர் கடைசியில் அங்கே பள்ளிக்கூடங்களுக்குச் சுமார் இரண்டு வாரம் விடுமுறை உண்டு. அந்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருவந்திபுரம் வருவதென்று ஏற்பாடாயிற்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், முகம் பார்த்துப் பேசும் டெலிபோனில் சின்னவள் வந்தாள்.

"தாத்தா, அங்கே இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரே பனி, குழந்தாய்! பனி கொட்டுகிறது. விடியற்காலையில் வாசலில் காலை வைக்க முடியவில்லை" என்றோம்.

இதில் எள்ளளவேனும் பொய் உண்டா? மார்கழி மாதத்தில், கெடிலக் கரையில், அறுபது வயது தாண்டிய எவரைக் கேட்டாலும் வார்த்தை மாறாமல் இதையேதான் சொல்வார்கள்.

"நிஜமாகவா?" என்றாள் சின்னவள். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது.

"நிஜமாக" என்றோம்.

சனிக்கிழமைதோறும் அவள் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். அங்கே 'ப' என்ற எழுத்துக்குப் 'பனி' என்று சொல்லிக்கொடுத்து, வீட்டுக் கூரையும் மரமும் தெருவும் வெள்ளை வெளேரென்று மூடிக் கிடப்பதாகப் படமும் காட்டியிருக்கிறார்கள். இந்தச் சங்கதி நமக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

சென்னையிலிருந்து இரவெல்லாம் பிரயாணம் செய்த மோட்டார் விடியற்காலை நாலரை மணிக்கு நமது வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் சின்னவள். இறங்கிய கோலத்தைக் கண்டு பாட்டி திடுக்கிட்டுப் போனாள். பஞ்சு அடைத்த மேலங்கி, கழுத்தைச் சுற்றிக் கம்பளி, கைகளில் உறை, முழங்கால் மட்டும் பூட்ஸ். "ஐயோ, குழந்தைக்கு ஜுரமா?" என்று பதறினாள்.

குழந்தை தெருவின் இரு கோடிகளையும் பார்த்தது. கோவிலில் ஒலிபெருக்கி திருப்பாவை சொல்லிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் சாணி தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு விளக்கைச் சுற்றி மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தது.

"பனி எங்கே தாத்தா?"

"இதோ, எங்கே பார்த்தாலும் பனிதானே! மூச்சு விட்டால் தெரிகிறதே!" என்று நாம் காற்றில் கையை ஆட்டிக் காட்டினோம்.

அவள் சற்று நேரம் நமது கையையே பார்த்தாள். பிறகு தாயாரிடம் திரும்பி, "தாத்தா பொய் சொன்னார்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மெதுவாகக் கையுறைகளைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியவன் விஷயத்தைத் தர்க்க ரீதியாக எடுத்துக்கொண்டான். காபி வேளையில் இங்கிலீஷில் அவன் சொன்னதன் சாராம்சம் இது: "வானத்திலிருந்து விழும் வெண்பனி வேறு, புல்லின்மேல் நிற்கும் துளி வேறு, கண்ணை மறைக்கும் புகை போன்றது வேறு. இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வார்த்தை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கும் பாஷையில் எப்படி நிஜம் பேச முடியும்?"

இந்தக் கேள்வி நமது நெஞ்சில் தைத்தது. நாலு வருஷத்துக்கு முன் வந்தபோது அவன் தமிழிலேயே சண்டை போட்டவன். இப்போது நாம் தமிழில் கேட்பதெல்லாம் அவனுக்கு விளங்குகிறது; பதில் மட்டும் இங்கிலீஷில் வருகிறது. சின்னவள் இன்னும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளும் அண்ணன் போன வழியில் போவதற்கு எத்தனை வருஷம் ஆகிவிடும்? தாத்தாவின் வார்த்தையை நம்பிப் பெட்டி நிறையக் கம்பளியைச் சுமந்து வந்து ஏமாந்தோம் என்று அந்தப் பிஞ்சு மனதில் பதிந்துவிட்டால், அடுத்த தடவை தாத்தாவின் எந்த வார்த்தையை அவள் நம்பப்போகிறாள்? அவர்கள் இங்கே தங்கப்போவது பன்னிரண்டே நாள். அதற்குள் நமது பனி, பனிதான் என்று ருசுப்படுத்தியாக வேண்டும். அயல்நாட்டுப் பனிக்கு எதிரே சுதேசிப் பனியின் மானம் நமது கையில் இருந்தது.

முதல் நாள் காலையில் வழக்கு நமக்குச் சாதகமாக இல்லை. நாம் காதை மூடும் கம்பளிக் குல்லாயும் சால்வையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெரியவன் அரைக்கைச் சட்டையோடு வந்து, கையிலிருந்த டெலிபோனைப் பார்த்து, "20 டிகிரி" என்றான். அவர்கள் ஊரில் 20 டிகிரி என்றால் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிற காலமாம். "அங்கே தை மாதத்தில் எவ்வளவு?" என்று கேட்டோம். கடுமையான நாட்களில் அங்கேயும் அதே இருபதுதான். முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் உண்டு என்றான். நாம் குல்லாயைக் கழற்றிவிட்டு, அவன் உள்ளே போனதும் மறுபடி போட்டுக்கொண்டோம்.

மாலையில் திண்ணையில் குழந்தைகளை உட்கார வைத்து, நமது வாதத்தைத் தொடங்கினோம். தமிழன் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்தான். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஆறில் இரண்டு பனிக்குரியவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பனியின் பெயருக்கு எழுதிவைத்தவர்கள் அதை அறியாதவர்களா? சங்க காலத்துப் புலவர்கள் இமயமலையைப் பாடியபோதும் அதைப் பனி சூழ்ந்த மலை என்றே பாடினார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பனியும் நமக்குத் தெரிந்ததுதான். அதை வெண்பனி என்கிறோம். நீலகிரியில் புல்லின்மேல் வெள்ளையாக உறைவது உறைபனி. வழியை மறைப்பது மூடுபனி. இலைநுனியில் நிற்பது பனித்துளி. எல்லாம் ஒரே குடும்பம். அண்ணன் தம்பிகளுக்கு இனிஷியல் மட்டும் வேறு.

பெரியவன் லேசாகச் சிரித்தான். நமக்கு உற்சாகம் உண்டாயிற்று. வார்த்தை ஒன்று, பொருள் இரண்டு என்ற சிக்கல் தமிழனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று சொல்லி, கெப்ளர் கதையை எடுத்தோம். கிரகங்களின் பாதையைக் கண்டுபிடித்த அதே கெப்ளர் பிராக் நகரத்தில் இருந்தபோது, சிநேகிதர் ஒருவருக்குப் புது வருஷப் பரிசு கொடுக்க விரும்பினார். அப்போது வானத்திலிருந்து விழுந்த பனித்துணுக்குகள் எல்லாம் ஆறு கோணமாக இருப்பதைக் கண்டு, ஏன் ஐந்தாகவோ ஏழாகவோ இல்லை என்று யோசித்து, ஒரு சிறு புத்தகம் எழுதி 1611-ம் வருஷம் அதையே பரிசாகக் கொடுத்தார். பனிக்கு லத்தீனில் 'நிக்ஸ்' என்று பெயர். அதே சப்தத்துக்கு அவர் பேசிய ஜெர்மன் பாஷையில் 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். "உமக்கு நான் தருவது ஒன்றுமில்லை" என்று அந்த மேதை இரண்டு அர்த்தத்தையும் வைத்துக்கொண்டு தமாஷ் செய்திருக்கிறார். அந்த ஆறு கோணத்துக்குக் காரணம் அவருக்கு அகப்படவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் நுண்துகள்கள் ஆறு ஆறாக அடுக்கிக்கொள்வதே காரணம் என்பதைப் பெரியவன் நமக்குச் சொன்னான். சின்னவள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. கெப்ளர் சாட்சி சொல்லியும் அவள் மனம் இளகவில்லை.

அப்போதுதான் திண்ணையில் கிடந்த கையுறைகள் நமது கண்ணில் பட்டன.

1814-ம் வருஷம் வெல்ஸ் என்ற வைத்தியர் லண்டனில் பனித்துளியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்காக அவர் செய்த சோதனை வெகு எளிது. கம்பளி ரோமத்தைச் சிறு சிறு கற்றையாக நிறுத்து, இரவில் தோட்டத்தில் வைப்பார். சிலவற்றைத் திறந்தவெளியில் வைப்பார். சிலவற்றைப் பலகைக்கு அடியில் வைப்பார். விடிந்ததும் மறுபடி நிறுத்து, எது எவ்வளவு ஈரம் குடித்தது என்று குறித்துக்கொள்வார். "உன் கையுறையும் கம்பளிதானே? ஒன்றை மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்து வைப்போம். மற்றொன்றை அங்கேயே பெஞ்சுக்கு அடியில் வைப்போம். தாத்தா சொன்ன பனி இருக்கிறதா, இல்லையா என்பதைக் கையுறையே சொல்லட்டும்" என்றோம். சின்னவள் சம்மதித்தாள். பெரியவன் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்துக் குறித்துக்கொண்டான்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேகம் மூடிவிட்டால் பனி குறைந்துவிடும். காற்று அடித்தாலும் கூடாது. இரண்டு தடவை எழுந்து ஜன்னல் வழியாக ஆகாயத்தைப் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. நட்சத்திரங்கள் நிறையத் தெரிந்தன. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. தேவநாதப் பெருமாள் நமது கட்சியில் இருந்தார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் மாடி ஏறினோம். கைப்பிடிச் சுவர் நனைந்திருந்தது. துளசித் தொட்டியின் ஓரத்தில் சிலந்தி வலை ஒன்று முத்துக் கோத்தது போல் தொங்கிற்று. பெரியவன் தராசை வைத்தான். பெஞ்சுக்கு அடியில் இருந்த உறை நேற்றைய கனமே இருந்தது. திறந்தவெளியில் கிடந்த உறை 3 கிராம் கூடியிருந்தது.

அதன் காரணத்தையும் சொன்னோம். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் பொருள் இரவில் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் துளியாகப் படிகிறது. பெஞ்சுக்கு அடியில் இருப்பதைப் பெஞ்சு போர்வைபோல் மூடிக் காப்பாற்றுகிறது. "அப்படியானால் பனி மேலேயிருந்து கொட்டவில்லை" என்று பெரியவன் உடனே பிடித்துக்கொண்டான். நியாயந்தான். பனி கொட்டுகிறது என்று நாம் சொன்னது சாஸ்திரப்படி தப்பு. வழக்கில் அந்தப் பகுதியை நாம் தோற்றோம்.

இதற்குள் சின்னவள் நனைந்த உறையை எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தாள். நாலைந்து சொட்டு விழுந்தது. அதை உற்றுப் பார்த்துக்கொண்டே, "எங்கள் ஊரில் பனியில் விளையாடிவிட்டு வந்து கையுறையைப் பிழிந்தால் இதேதான் வரும்" என்றாள். சற்று நேரம் கழித்து, "அப்போ இதுவும் பனிதான்" என்றாள்.

இரண்டு தினங்களாக நாம் தொல்காப்பியத்திலும் பிராக் நகரத்திலும் தேடிய தீர்ப்பை, ஏழு வயதுக் குழந்தை ஒரு கையுறையில் கண்டுபிடித்துவிட்டது.

பிறகு கோவிலுக்குப் புறப்பட்டோம். வழியில் இந்த ஊர்க் கதையைச் சொன்னோம். தாகம் கொண்ட பெருமாள் தண்ணீர் கொண்டுவரும்படி கருடனை அனுப்பினார். அவன் வரத் தாமதமாகவே, ஆதிசேஷன் வாலால் பூமியைப் பிளந்து தீர்த்தம் கொண்டுவந்துவிட்டான். அந்தத் தீர்த்தம் கோவிலிலே இருக்கிறது. நாக ராஜனான அவன் பெயரால்தான் ஊருக்குத் திருவஹீந்திரபுரம் என்று பெயர். தாமதமாக வந்த கருடன் கொண்டுவந்ததோ கெடில நதியாக ஓடுகிறது. "பெருமாள் எதைக் குடித்தார்?" என்று சின்னவள் கேட்டாள். "சேஷன் கொண்டுவந்ததைக் குடித்தார். கருடன் கொண்டுவந்ததையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்" என்று பாட்டி பதில் சொன்னாள். சேஷ தீர்த்தத்தில் உப்பும் மிளகும் வெல்லமும் போடுவது இங்கே வழக்கம். சின்னவள் ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றும் விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

ஸ்வாமி தரிசனம் செய்துகொண்டு, ஔஷதகிரியின் 74 படிகளையும் ஏறினோம். குழந்தைகள் ஓடினார்கள், நாம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தோம். மேலே கல்விக் கடவுளான ஹயக்ரீவர் சந்நிதி. வேதாந்த தேசிகர் இந்த ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தார். கீழே இருக்கும் ஒரே பெருமாளை அவர் சம்ஸ்கிருதத்தில் தேவநாயக பஞ்சாசத்தாகவும், பிராகிருதத்தில் அச்யுத சதகமாகவும், தமிழில் மும்மணிக்கோவையாகவும் நவமணி மாலையாகவும் பாடினார். ஒரு பாஷை கற்றதால் மற்றொரு பாஷை அவரை விட்டுப் போய்விடவில்லை. இதைப் பெரியவனிடம் உபதேசமாகச் சொல்லாமல், சும்மா காதில் போட்டு வைத்தோம்.

அவன் அதைக் கேட்டானோ என்னவோ! அதற்குள் சின்னவள், "தாத்தா! அங்கே பாருங்கள்!" என்று கூவினாள்.

கெடிலத்தின்மேல் மூடுபனி இறங்கியிருந்தது. ஆற்றைக் காணோம், வயல்களைக் காணோம், கரும்பும் வாழையும் மறைந்துவிட்டன. எங்கே பார்த்தாலும் வெள்ளை. அந்த வெள்ளையிலிருந்து கோபுரமும் தென்னந்தலைகளும் மட்டும் எழும்பி நின்றன. கிழக்கே கடலூர்ப் பக்கத்தில் வானம் செந்நிறமாகத் தொடங்கியது. குழந்தைகள் இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் நின்றார்கள். நமது பெண்ணும் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். அவளும் ஏழு வயதில் அதே இடத்தில் நின்று பார்த்தவள்தான்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூரியன் வந்தான். அரை மணியில் ஆறு தெரிந்தது; பிறகு வரப்புகள் தெரிந்தன; எட்டு மணிக்கு ஒன்றும் இல்லை. டொராண்டோவில் விழுந்த பனி கரைவதற்குப் பல வாரம் காத்திருக்க வேண்டுமாம். சுதேசிப் பனி அப்படி யாரையும் காக்க வைப்பதில்லை. விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தைகளைப் போல வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் கிடைத்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு இந்த எண்ணத்தை ஒருவாறு மறந்தோம்.

அன்று முதல் சின்னவள் விடியற்காலையில் பாட்டியோடு எழுந்து, கோலத்துக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள். நேர்ப்புள்ளி அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏழில் தொடங்கி இரு பக்கமும் நாலில் முடியும் இடைப்புள்ளிதான் பிடித்தது. மொத்தம் 37 புள்ளி. வைத்து முடித்தால் ஆறு கோணமாக நிற்கும். ஊருக்குப் புறப்படும் தினத்தன்று, அந்தப் புள்ளிகளின்மேல் அரிசி மாவினால் அவளாகவே ஒரு கோலம் இழுத்தாள். நடுவிலிருந்து ஆறு கிளை. ஒவ்வொரு கிளையிலும் சிறு சிறு மொக்கு. பார்த்தவர்கள் நட்சத்திரம் என்றார்கள். பெரியவனுக்கு மட்டும் அது என்னவென்று உடனே தெரிந்தது. அவர்கள் ஊர்ப் பனித்துணுக்கு நமது வாசலில், பனி ஈரத்தில், வெள்ளை வெளேரென்று விழுந்து கிடந்தது. பாட்டி அதன் நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைத்தாள்.

அவர்கள் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்பதை எழுதப் போவதில்லை. அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கனடா பாராளுமன்றம் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாகக் கொண்டாடுவதென்று 2016-ம் வருஷம் தீர்மானித்தது. பனி மிகுந்த மாதத்தையே தமிழுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஒரு தனித் திருப்தி. அந்த ஜனவரியில் ஒரு நாள் மாலை டெலிபோன் மணி அடித்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. திரையில் வந்தவன் பெரியவன்.

"தாத்தா" என்றான். சற்றுத் தயங்கினான். பிறகு, வார்த்தை வார்த்தையாக, தமிழில் சொன்னான்: "இங்கே ஒரே பனி. பனி கொட்டுகிறது. நிஜமாகவே கொட்டுகிறது. வாசலில் காலை வைக்க முடியவில்லை."

"நிஜமாகவா?" என்றோம்.

"நிஜமாக" என்று சொல்லி, டெலிபோனைத் திருப்பிக் காட்டினான். கூரையும் மரமும் தெருவும் வெள்ளை வெளேரென்று மூடிக் கிடந்தன. வாசற்படிக்கு எதிரே, யாரும் மிதிக்காத பனியில், சின்னவள் கையுறை போட்ட விரலால் ஒரு கோலம் இழுத்துக்கொண்டிருந்தாள். 37 புள்ளி, ஆறு கோணம். மாவு தேவைப்படவில்லை. பூசணிப்பூவுக்குப் பதிலாக நடுவில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தது.

"காதை மூடிக்கொள்ளச் சொல், குல்லாய் எங்கே?" என்றாள் பாட்டி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் துளிர்ப்பதற்கும் தமிழில் பனித்தல் என்றே பெயர். அதைப் பெரியவனிடம் நாம் சொல்லவில்லை. இன்னொரு வழக்கை அடுத்த மார்கழிக்கு வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டோம்.